சம்பளம் அவளுடையது, ஏ.டி.எம். கார்டு யாரிடம்?

‘பொண்ணுங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே எல்லாம் மாறிடும்!’ என்று சொல்கிறவர்கள் ஒரு நடை தீர்த்தமலைக்குப் போய் வரலாம். தீர்த்தகிரீஸ்வரரைப் பார்க்கப் படியேறும் முன்னால், அடிவாரத்துக் கிராமங்களில் கொஞ்சம் விசாரிக்கட்டும். ‘பொண்ணு திருப்பூர்ல இருக்கா, ஓசூர்ல இருக்கா’ என்று பதில் வரும். சரி, அவள் சம்பளம் எங்கே இருக்கிறது?

முன்பும் பெண் சும்மா இருக்கவில்லை. சாமைக்குக் களையெடுத்தாள், மாடு பார்த்தாள், தண்ணீர் சுமந்தாள். அதெல்லாம் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். ஆலை அவள் உழைப்புக்குச் சம்பளம் என்று ஒன்றைக் கொடுத்தது. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால், மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பல ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடத்தினவே, ஞாபகம் இருக்கிறதா? இளம்பெண்கள் 3 வருஷம் விடுதியில் தங்கி உழைக்க வேண்டும். முடிவில் 30 ஆயிரம், 50 ஆயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. எதற்கு? கல்யாணத்துக்கு! உடம்பு முடியாமல் பாதியில் திரும்பிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1961-லேயே வரதட்சணையைத் தடைசெய்த நாட்டில், பெண்ணின் கூலியைப் பிடித்துவைக்கத் தாலியின் பெயர்!

ஆலையை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2001-ல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. பெண் பிறந்தாலே செலவு என்று பயந்த அதே சமூகம்தான், இன்று ‘உன் நகைக்கு நீயே சம்பாதிச்சுக்கோ’ என்கிறது. பயம் போகவில்லை, பாரம்தான் அப்பன் தோளிலிருந்து மகள் தோளுக்கு மாறியிருக்கிறது.

பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆலைக் கதவு ராத்திரியிலும் திறந்துவிட்டது. அடுப்படிக் கதவு? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண் 88. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி! துரும்பைக்கூட நகர்த்தாத மகராசன்கள் அதில் சேர்த்தி இல்லை.

ஆகவே, பெற்றோரே... மகளை வேலைக்கு அனுப்பியதற்காக முதுகில் தட்டிக்கொள்ளாதீர்கள். அவள் சம்பளம் அவள் கணக்கில் விழட்டும். கார்டும் ரகசிய எண்ணும் அவளிடமே இருக்கட்டும். படிப்பதா, நிலம் வாங்குவதா, கல்யாணம் செய்வதா என்று அவளே முடிவு பண்ணட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவளுக்கு, அண்ணன்காரன் நாலு தோசை ஊற்றட்டும். கை ஒன்றும் தேய்ந்துவிடாது!