பிரியிறதுக்கு ஏன் ஒரு குற்றவாளி?

கண்டியச் சட்டப்படி பதிந்த சிங்களத் தம்பதி பிரியணும் என்றால், பதுளைக் கச்சேரிக்குப் போய் ரெண்டு பேருக்கும் சம்மதம் என்று சொன்னால் போதும். 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்குது. அதே மாவட்டத்தில், பசறைப் பக்கத்து லயத்துத் தம்பதிக்கு அந்தக் கதவு இல்லை.

அவங்களுக்கு 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம்தான். கள்ள உறவு, வன்மத்தோடு கைவிட்டது, கலியாணத்தப்பவே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை: இதில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்கணும். அடி உதைகூட 'கைவிட்டது' என்ற பேரில்தான் உள்ளே வரணும்! ஏழு வருசம் தனித்தனியா இருந்தா போதாதா? போதாது, குற்றம் வேணும் என்று 1986இல் உயர் நீதிமன்றமே சொல்லிருச்சு.

அப்போ மனமொத்துப் பிரியிறவங்க என்ன செய்றது? ஒருத்தர் குற்றவாளியா நடிக்கணும், மற்றவர் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லணும். தவணைக்குத் தவணை ஒரு நாள் பேர் போகும். பஸ் காசு, சட்டத்தரணி காசு வேற. முடியாதவங்க அப்படியே பிரிஞ்சு வாழ்றாங்க. அடுத்த கலியாணத்தைப் பதியவும் வழியில்லை.

குடும்பம் சிதைஞ்சிரும் என்கிறீங்க. எழுபது வருசமா சம்மதப் பிரிவு இருக்கிற பக்கத்துக் கிராமம் சிதைஞ்சா போச்சு? அதே பிரிவை 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதுங்க என்கிறோம். பிள்ளைகளின் செலவை நீதிமன்றம் விசாரிக்கட்டும். யார்மேல் குற்றம் என்று வேண்டாம்.