எடைபோடப்படாத டிரெய்லர்

இலகுரக மோட்டார் வாகன உரிமம் பெற்றவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்தைத் தனி அனுமதிக் குறிப்பு ஏதுமின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ரம்பா தேவி வழக்கு எனப்படும் அத்தீர்ப்பு, 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூவர் அமர்வு எடுத்த நிலைப்பாட்டை உறுதி செய்தது. சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்போரின் வாழ்வாதாரத்தை அது காத்தது. உரிம அட்டையில் ஒரு வரி குறைகிறது என்று காட்டி, விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குரிய இழப்பீட்டைத் தட்டிக்கழிக்கும் வழியையும் பெருமளவு அடைத்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதையொட்டி எழுந்த விவாதங்களில் ஒரு வாகனம் போதிய கவனம் பெறவில்லை. டிராக்டரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கப்படும் டிரெய்லரே அது.

7,500 கிலோ என்ற அதே எண்ணை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(21)-ஆம் பிரிவு இருவேறு தராசுகளில் நிறுக்கிறது. சரக்கு வாகனத்துக்கும் பேருந்து வகைக்கும் சுமையோடு கூடிய மொத்த எடை. கார், டிராக்டர், சாலை உருளை ஆகியவற்றுக்கு வெற்று எடை. டிராக்டர் தன் மேல் சுமை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டதன்று என்பதே சட்டம் அதற்குத் தரும் வரையறை என்பதால், வெற்று எடையால் அதை அளப்பது முதற்பார்வைக்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் டிராக்டர் சுமப்பதில்லை, இழுக்கிறது. வயலில் காணும் நடுத்தர டிராக்டரின் வெற்று எடை ஏறத்தாழ 2 டன். 7,500 கிலோ என்ற வரம்பை அது ஒருபோதும் நெருங்கப் போவதில்லை. கரும்பு அரவைப் பருவத்தில் கோலாப்பூர், சாங்லி மாவட்டச் சாலைகளில் அதே டிராக்டர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டிரெய்லர்களை, தன் எடையைப் போலப் பன்மடங்கு சுமையுடன் இழுத்துச் செல்கிறது. உரிமச் சட்டத்தின் கண்ணுக்கு அப்போதும் அது 2 டன் வண்டிதான்.

நீதிமன்றங்கள் இந்த இடைவெளியை அறியாதவை அல்ல. 2001-இல் நாகஷெட்டி வழக்கில், டிரெய்லரை மாட்டிய மாத்திரத்தில் டிராக்டர் போக்குவரத்து வாகனமாக மாறிவிடாது, டிராக்டர் ஓட்டும் உரிமம் அப்போதும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மாறாகக் கொண்டால், தன் காரின் கூரையில் பெட்டி ஏற்றும் ஒவ்வொருவரும் உரிமமற்றவராகிவிடுவர் என்ற அதன் தர்க்கம் வலுவானது. நான்கு ஆண்டுகள் கழித்து, கர்நாடகத்திலிருந்து வந்த நட்வர் பாரிக் வழக்கில், டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு ஒரு சரக்கு வாகனமே, அதற்குப் பர்மிட் வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. கேள்விகள் வேறு என்பதால் விடைகளும் வேறு. சட்ட மாணவர் இதில் முரண் காண வேண்டியதில்லை. விளைவு மட்டும் விசித்திரமானது. வரிக்கும் பர்மிட்டுக்கும் உயிர்பெறும் டிரெய்லர், ஓட்டுபவரின் தகுதி என்று வரும்போது மறைந்துவிடுகிறது.

அந்தத் தகுதி அற்பமானதன்று. பின்னோக்கிச் செல்கையில் ஸ்டியரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் டிரெய்லர் திரும்பும். இறக்கத்தில் பிரேக் போட்டால், தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். வளைவாக இருந்தால் பக்கவாட்டில் மடக்கிக் கவிழ்க்கும். கொக்கியின் மேல் சுமை அழுத்தும்போது முன்சக்கரங்கள் தரைப்பிடி இழக்கும், ஸ்டியரிங் பயனற்றுப்போகும். உழவு ஓட்டிய அனுபவம் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் இவற்றைத் தானாகக் கற்பித்துவிடாது. உரிம வகைகளைப் பட்டியலிடும் 10(2)-ஆம் பிரிவிலோ டிரெய்லர் இழுப்பதற்கென்று ஒரு வகை இல்லை.

2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் அருகே கோயிலுக்குச் சென்று திரும்பியோரின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 பிப்ரவரியில் காஸ்கஞ்சில் கங்கை நீராடச் சென்றோருக்கும் அதே கதி. சரக்கு டிரெய்லரில் ஆளேற்றியது தனிக் குற்றம். உரிமச் சீர்திருத்தம் ஒன்றே அதைத் தடுத்துவிடாது. ஆனால் டிரெய்லரை வண்டியாகவே எண்ணாத பழக்கம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அளவுகோல் வேறு. சாதாரணக் கார் உரிமத்துக்கு 750 கிலோ வரையிலான டிரெய்லர். அதற்கு மேற்பட்டால் காரும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 4,250 கிலோ வரை செல்லக் கூடுதல் பயிற்சியோ தேர்வோ வேண்டும். பிரிட்டன் 2021 டிசம்பரில் தனி டிரெய்லர் தேர்வைக் கைவிட்டது உண்மைதான். லாரி ஓட்டுநர் பற்றாக்குறையின்போது தேர்வு இடங்களை விடுவிக்க எடுத்த முடிவு அது. அங்கும் 3,500 கிலோ என்ற டிரெய்லர் வரம்பு நீடிக்கிறது. அந்த எண்களை அப்படியே இறக்குமதி செய்வது அறிவீனம். இந்திய வயல் வேறு, அங்குள்ள விடுமுறை வண்டி வேறு. கூட்டு எடையை அளப்பது என்ற கொள்கை மட்டும் இங்கும் பொருந்தும்.

உழவர் மீது மேலும் ஒரு சுமையா என்ற எதிர்ப்பு எழும், நியாயமான எதிர்ப்புதான். போக்குவரத்து வாகன உரிமத்துக்கான 20 வயது, ஓராண்டு முன்னனுபவம், மருத்துவச் சான்று அனைத்தையும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் சிறு விவசாயியிடம் கேட்பது கொடுமை. கூட்டு எடை ஒரு வரம்பைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்போது மட்டும், இரண்டு நாள் பயிற்சியில் கிடைக்கும் ஒரு குறிப்பு போதும். 10(2)-இன் இறுதியில் உள்ள ‘குறிப்பிட்ட வகை மோட்டார் வாகனம்’ என்ற உட்பிரிவைக் கொண்டு விதிகளின் வழியே இதைச் செய்ய இடமுண்டு. அந்தக் குறிப்பு இல்லாமை இழப்பீட்டை மறுக்கும் காரணமாகக் கூடாது என்பதையும் அதே விதியில் எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் ரம்பா தேவி தீர்ப்பு அடைத்த வாசல் மறுபடி திறந்துகொள்ளும்.

அதிக சுமைக்கு 2019 திருத்தம் விதித்த 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் போதாவா என்று கேட்கலாம். உள்ளூர்ப் பட்டறையில் செய்யப்பட்டு, பதிவே பெறாமல் ஓடும் டிரெய்லருக்கு அனுமதிக்கப்பட்ட எடை என்று ஒன்று ஏது? எதை மீறியதாக அபராதம் விதிப்பது?

ரம்பா தேவி வழக்கில், இலகுரக உரிமதாரர்கள் போக்குவரத்து வாகனம் ஓட்டுவதால் விபத்து பெருகியதாகக் காட்டும் தரவு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று அமர்வு சுட்டியது. டிரெய்லரைப் பொறுத்தவரை சுமை பற்றிய தரவு ஏற்கெனவே உண்டு, கேட்போர்தான் இல்லை. விவசாயிக்கு எடைக்கேற்பப் பணம் தர வேண்டியிருப்பதால், சர்க்கரை ஆலை வாயிலில் உள்ள எடைமேடை ஒவ்வொரு கரும்பு வண்டியையும் சுமையோடு ஒரு முறையும் இறக்கியபின் ஒரு முறையும் நிறுக்கிறது. வண்டி எண், மொத்த எடை, வெற்று எடை, நாள், நேரம் எல்லாம் அந்தச் சீட்டில் பதிவாகின்றன. பருவம் முடிந்ததும் அவை ஆலையின் கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு மாவட்டத்தின் ஒரு பருவச் சீட்டுகளை அதே சாலைகளின் விபத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முனைவர் பட்ட ஆய்வின் உழைப்பே போதும்.