எவரும் காணாத பிழை

இலக்கணம் கற்பானுக்கு மேஜைப் பந்தாட்டம் எதற்கு என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. அவ்வாட்டத்தில் எனக்கு நேர்ந்ததொன்றைச் சொல்லியே என் கருத்தை நிறுவ வேண்டியவனாயிருக்கிறேன்.

சென்ற விடுமுறையில் எங்கள் சிறுசேரியை அடுத்துள்ள ஓர் ஆட்டக்கூடத்தில் நானும் ஒரு சிநேகிதரும் ஸ்நூக்கர் ஆடினோம். சிவப்புப் பந்தொன்றை வீழ்த்தியபின் நீலத்தைக் குறித்துக் குனிந்தேன். என் சட்டைக்கை அருகிருந்த மற்றொரு சிவப்பைத் தீண்டிற்று. அது நெல்லளவே அசைந்திருக்கும். சிநேகிதரோ கோல் நுனிக்குச் சாக்குக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறவாமல் நீலத்தை வீழ்த்தி 5 புள்ளி பெற்றேன். விதிப்படி அந்த 5 எனக்கில்லை. தண்டமாக அவருக்கு 5 சேர வேண்டும். என் முறையும் அத்துடன் முடிய வேண்டும். நான் வென்றதோ 7 புள்ளியால்!

நடுவர் காணாத பிழை பிழையன்று என்பார் நம் விடுதியில் பலருளர். அடுத்த அடிக்குமுன் நடுவர் அறிவியாமலும் எதிரி கோராமலும் விட்ட பிழையை விதி பொறுத்துவிடுவது மெய்யே; அதனால் அது பிழையன்று என்றாகாது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் படை அதிகாரி (பிரதம மந்திரியாயிருந்தவர் வேறொருவர்) தோற்றுவித்தது இவ்வாட்டம். 1882-இல் இதன் விதிகளை வகுத்துச் சுவரில் மாட்டியது நம் உதகமண்டலத்துக் கிளப்பு. ஆடுவோன் தன் பிழையைத் தானே அறிவித்தல் இவ்வாட்டத்தில் பேணப்பட்டு வரும் மரபு. சட்டைக்கை தீண்டியதை அறிபவன் அதனை அணிந்தவனேயன்றோ?

ஆயினும் எல்லாப் பிழைகளையும் இவ்வாறு தீர்த்தல் இயலாது. அடிக்கவேண்டிய பந்து வேறொரு பந்தால் மறைக்கப்பட்டு நிற்க, ஒருவர் மேஜையோரத்தில் மோதித் திருப்பியடித்தும் அதனைத் தொடாது விடுகிறார். குறைந்தது 4 புள்ளி தண்டம். அதன்மேலும், அவர் தம்மால் இயன்றமட்டும் முயலவில்லையென்று நடுவர் கருதினால் 'மிஸ்' என்பார். எதிரி வேண்டினால் பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் அடிக்கச் செய்யலாம். நடுவரில்லாத நம் கூடங்களில் இதனைச் சொல்வோர் யார்? ஆதாயம் பெறும் எதிரியே! பிறன் நெஞ்சின் முயற்சியை அவன் எவ்வாறு அளப்பான்? ஆகவே நடுவரில்லாவிடத்து இவ்விதியை விலக்குதலே தக்கதென்பேன். விலக்கினால் வேண்டுமென்றே தவறவிடுவார்கள் என மூத்த மாணவர் சிலர் அஞ்சுகின்றனர். அஞ்சுதற்கு இடமுண்டுதான். எனினும் 4 புள்ளி போவது போவதே. பந்துகள் நின்ற நிலையிலேயே 'மறுபடியும் நீரே ஆடும்' என்னும் உரிமையும் எதிரிக்கு உண்டு.

இதனை எழுதத் தொடங்குமுன் சிநேகிதரிடம் போய் நடந்ததை உரைத்தேன். அவர் சற்றே சிரித்து, "தோற்றவர்தாமே மேஜைக் கட்டணம் கொடுப்பது வழக்கம்?" என்றார். கொடுத்தேன்.