பட்டகசாலையும் பகல் விளக்கும்

தென்காசி நகரின் பழைய தெருவொன்றில், நண்பகற் போதில், ஒரு வீட்டினுள் நுழைவோமாக. தெருவிலே வெயில் கண்ணைப் பறிக்கும். திண்ணையிலே நிழல் இனிதாயிருக்கும். அதனைக் கடந்து பட்டகசாலையில் அடி வைத்ததும் எதிரில் இருப்பார் முகம் புலப்படாது. 'யாரது?' என்று இருளினின்று ஒரு குரல் வரும், பொத்தானை அழுத்தும் ஓசை கேட்கும், விளக்கெரியும், அப்பொழுதே வந்தவரும் வரவேற்பவரும் ஒருவரையொருவர் காண்பர். குற்றாலச் சாரலுக்கு விருந்தினர் திரளும் ஆனி ஆடித் திங்களிலோ, வானமும் மூடியிருத்தலின், அவ்விளக்கு காலை முதல் அணைவதே இல்லை. இவ்வழக்கம் எங்ஙனம் வந்தது, இதனை நீக்கும் வழி யாது என்பது பற்றி எமக்குத் தோன்றியவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழ் பயிலும் மாணவர்க்குக் கொத்தனார் வேலையில் என்ன வழக்கு என்று நண்பர் நகைப்பர். அவ்விருளில் இருந்து பாடம் படித்த கண் எம்முடையது என்பதே விடை.

இக்காலத்தார் கைக்கொள்ளும் பரிகாரம் யாவரும் அறிந்ததே. சுவருக்கு வெளிர்நிறச் சாயம், மேலே பொய்க்கூரை, அதன் விளிம்பில் வரிசை விளக்கு, ஒரு பெரிய சோபா, எதிரில் தொலைக்காட்சி. இத்தனையும் முடிந்த மறுநாளும் பகலில் விளக்கு வேண்டியே இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும் என்பது உண்மையே. ஆயின் விழுவதற்கு ஒளி வேண்டுமன்றோ? பொய்க்கூரையோ உள்ள உயரத்தையும் குறைத்து, மேற்சாளரம் இருப்பின் அதனையும் மறைத்துவிடுகிறது. இதனை அழகென்று முதலிற் கூறியவர் யாவரோ!

உண்மையில் அவ்வீடுகள் இருளாகக் கட்டப்பட்டவை அல்ல. நம் பக்கத்து வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நீண்டு நிற்பவை. பக்கச் சாளரத்துக்கு இடமில்லை. ஆதலின் முன்னோர் வீட்டின் நடுவில் வானத்தைத் திறந்து வைத்தனர். முற்றத்தின் வழியே ஒளி இறங்கிற்று. சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற, வாயில் வழியே குளிர்காற்றுப் புகுந்தது. தென்காசியில் இக்காற்றுச் சிறிதன்று. மேற்கே ஆரியங்காவுக் கணவாயின் வழியே பாய்ந்து வரும் அதனைக் காசிவிசுவநாதர் கோயிற் கோபுர வாயிலில் ஒரு முறை நின்றவர் மறவார். மலைக்கு அப்பால் கேரளத்து நாலுகெட்டு வீடும் நடுமுற்றத்தையே உயிராகக் கொண்டது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்களால் ஒளியையும் காற்றையும் மலிவாக உள்ளே கொணர்ந்தார். இங்கிலாந்திற் பிறந்த அவர், நம் நாட்டு ஊர்க்கொத்தரிடம் கற்றதை மறைத்தாரல்லர்.

பின்னர் முற்றங்கள் ஏன் மூடப்பட்டன? குற்றாலத்துக் குரங்குகளை அறிந்தவர்க்கு முதற் காரணம் சொல்ல வேண்டுவதில்லை. கள்வர் அச்சமும், சாரல் தரையை நனைத்தலும், கொசுவும் ஏனைய காரணங்கள்; எவையும் பொய்யல்ல. எம் வீட்டிலோ வேறொன்றும் உண்டு. பாட்டனார் காலமான பின் பாகப்பிரிவினை நேர்ந்து, முற்றத்தின் நடுவே தந்தையார்க்கும் பெரிய தந்தையார்க்கும் இடையில் ஒரு சுவர் எழுந்தது. பாதி முற்றம் முற்றமாகாது. கிணறு போல் தோன்றிற்று. அதனைத் தகரமிட்டு மூடி, வேண்டாப் பொருள் போடும் இடமாக்கினர். அதுமுதல் எம் பாட்டியார் பகலிலும் விளக்கின் கீழ் நாற்காலியை நகர்த்தியே வேதாகமம் வாசித்து வந்தார்.

சென்ற கோடை விடுமுறையில் தந்தையார் பட்டகசாலையைப் புதுக்க எண்ணியபொழுது, பொய்க்கூரைக்கென ஒதுக்கிய தொகையைத் தகரத்தை அகற்றச் செலவிடுமாறு வேண்டினோம். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் வறட்சியும் உள்ள நிலத்தில் அறையின் தரைப்பரப்பிற் பத்தில் ஒரு பங்கேனும், வெப்பமும் ஈரமும் உள்ள நிலத்தில் ஆறில் ஒரு பங்கேனும் திறப்பு வேண்டும் என்கிறது. எம் பட்டகசாலையை அளந்தோம். முப்பதில் ஒரு பங்கும் இல்லை. தந்தையார் அதன்பின் மறுத்தாரில்லை. குரங்குக்கும் கள்வர்க்கும் கம்பி அழி இட்டோம். அதன்மேற் கண்ணாடி. இதிலே சிறிது எண்ணம் வேண்டும். தென்காசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் உள்ளதாதலின், சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பான். கண்ணாடியை இறுக மூடினால் வீடு அடுப்பாகும். ஆகவே அதனை ஒரு முழம் உயர்த்தி, நாற்புறமும் வலையடித்து, சாரல் வரும் மேற்றிசையில் மட்டும் விளிம்பை நீட்டினோம். ஓட்டுக்கூரையில் இரண்டு மங்களூர் ஓடுகளை எடுத்து, அதே வடிவிலான கண்ணாடி ஓடுகளைப் பதித்தோம். சாளரத்தை மறைத்து நின்ற அலமாரியையும் அகற்றினோம். அதற்குக் காசு செலவில்லை, ஆள் நால்வர் வேண்டியிருந்தது.

இனி வரவேற்பைப் பற்றி. திறந்த முற்றத்து வீடுகள் அனைவர்க்கும் திறந்திருந்தன என்றல் பொய். திண்ணையோடு நிறுத்தப்பட்டவர் பலர். திண்ணையிலும் ஏறவொட்டாது தெருவில் நின்று பேசியவரும் உளர். காரணம் சாதி. கிறிஸ்தவ இல்லங்கள் இதற்கு விலக்கென்று எழுத எம் கை கூசுகிறது. பத்து நாள் எம் கூரைமேல் உழைத்த கொத்தனாரும் உடன் வேலை செய்த அம்மையாரும் முதலிரு நாள் திண்ணையில் அமர்ந்தே உண்டனர்; அது எமக்கு இயல்பாகவே தோன்றிற்று. மூன்றாம் நாட் பாட்டியார், 'வெளிச்சம் கொண்டுவந்தவர்கள் வெளியிலா இருப்பது?' என்று உள்ளே அழைத்து இலை போட்டார். கல்லூரியிற் படிக்கும் எமக்கு அது தோன்றவில்லை.

வேறு வகையான முற்றமும் நம் நாட்டில் இருந்ததுண்டு. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை இல்லத்தில் வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டிலே அன்பர் கூடிக் கம்பன் கவியைச் சுவைத்தனர். அக்கூட்டத்துக்கு அவ்விடமே 'வட்டத்தொட்டி' என்று பெயர் தந்தது. நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அதில் இருந்தவர். பின்னாளில், 1954-ல் மறையும் வரை, குற்றாலத்திலும் அவர் இல்லம் விருந்தினரால் நிறைந்திருந்தது. வட்டத்தில் தலையிடம் என்பது இல்லை. இதனை எண்ணியே தொலைக்காட்சியை நோக்கியிருந்த இருக்கைகளைத் திருப்பி, முற்றத்தைச் சுற்றிப் போட்டோம். தம்பி ஒருவனே குறை கூறினான்.

சுவர் இன்னும் நிற்கிறது. பெரிய தந்தையார் பக்கத்துப் பாதி மூடியபடியே உள்ளது. சுவரின் மேற்பாதியை நீக்கிச் சல்லடைச் செங்கல் அடுக்கினால் இரு வீட்டுக்கும் ஒளியும் காற்றும் இரட்டிப்பாகும் என்பது எம் துணிபு. தந்தையார் தாமாகச் சென்று கேட்க இன்னும் மனம் கொண்டிலர். ஆயின் சென்ற மாதம் பெரியம்மையார் எம் பட்டகசாலைக்கு வந்து, நெடுநேரம் மேலே நோக்கி நின்று, 'தகரம் எடுக்க என்ன கூலி ஆயிற்று?' என்று கேட்டுச் சென்றார். ஆனிச் சாரலுக்கு முன் ஒருமுறை வந்து போகுமாறு கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.