கூடத்தில் ஓர் ஆகாய விமானம்

வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்திலிருந்து விமானம் ஓட்டலாம் என்றால் நம்புவீர்களா, நேயர்களே? மைக்ரோஸாப்ட் கம்பெனியின் 'ஃப்ளைட் ஸிமுலேட்டர்' 1982-லேயே பிறந்துவிட்ட கம்ப்யூட்டர் விளையாட்டு. அதன் 2020 பதிப்புக்கு அந்த வருஷம் டிசம்பரில் 'விஆர் ஹெட்செட்' வசதியும் சேர்ந்தது. கண்ணையும் நெற்றியையும் மூடிக்கொள்ளும் பெரிய கண்ணாடி அது. நானும் மாட்டிப் பார்த்தேன்.

அடேயப்பா! தலையைத் திருப்பினால் இறக்கை. எட்டிப் பார்த்தால் கீழே கடற்கரை! இரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுவதால், ஓடுபாதை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது சட்டென்று புலனாகிறது. தரையில் இறங்கும்போது இது பெரிய ஒத்தாசை.

ஆனால் ஒரு சங்கடம். "விமானம் சாய்கிறது" என்கிறது கண். "நாற்காலி அசையவேயில்லையே!" என்று சாதிக்கிறது உட்செவி. இந்த இருவர் சண்டையில் அவதிப்படுவது, பாவம், வயிறு! கொடைக்கானல் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவரா நீங்கள்? அப்படியானால் முதல் நாள் 10 நிமிஷம் போதும். அதிகம் சாய்க்காமல் நேராக ஓட்டுங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் படட்டும். குமட்டல் தலைகாட்டியதுமே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்றைய சாப்பாடு அம்பேல்தான்!

மாட்டிக்கொண்ட பிறகு பக்கத்திலிருக்கும் காப்பித் தம்ளர் தெரியாது. அதை முதலிலேயே குடித்துவிடுங்கள்.