எல்லோரையும் சிரிக்க வைப்பவர் யாருக்கு நிலம் தருவார்?

"அரசியல்வாதிகள் எல்லாம் கோமாளிகளாக இருக்கும்போது, நிஜ காமெடியன் ஒருவர் ஆட்சிக்கு வந்தால்தான் என்ன?" தேர்தல் காலத்தில் நம் தோழர்கள் பலரே இப்படிக் கேட்கிறார்கள். யாரோ ஒருவரின் ஸ்டாண்ட் அப் வீடியோவைப் பகிர்ந்து, இவரைப் போட்டால் சட்டமன்றம் உருப்படும் என்று எழுதுகிறார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அந்த நிஜப் பாதியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். ஏனென்றால் இது கற்பனைக் கேள்வி அல்ல, பல இடங்களில் நடந்து முடிந்த கதை.

உக்ரைனில் தொலைக்காட்சித் தொடரில் குடியரசுத் தலைவராக நடித்த ஜெலன்ஸ்கி, 2019இல் 73 விழுக்காடு வாக்குகளோடு நிஜமாகவே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் யோன் க்னார் என்பவர், உயிரியல் பூங்காவுக்குப் பனிக்கரடி வாங்கித் தருவதாக வாக்குறுதி கொடுத்து 2010இல் மேயரானார். நான்கு ஆண்டுகள் முடிந்ததும் போதுமென்று கிளம்பிவிட்டார். அவற்றின் நல்லது கெட்டதை அந்தந்த ஊர்க்காரர்கள் பேசட்டும். நம் நாட்டிலேயே, பட்டியல் சாதி மக்கள் மிக அதிக விகிதத்தில் வாழும் மாநிலத்தில், ஒரு காமெடியன் முதலமைச்சரானாரே, அதைப் பேசுவோம்.

பகவந்த் மான் 1990களில் ஒலிநாடாக்கள் மூலம் பஞ்சாபின் வீடுகளுக்குள் நுழைந்தவர். போலீஸ்காரர், நிலக்கணக்கு எழுதும் பட்வாரி, மந்திரி என எல்லோரையும் கிண்டலடித்தார். 2014இலும் 2019இலும் சங்ரூர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 2022இல் ஆம் ஆத்மி கட்சி 117இல் 92 இடங்களைப் பிடித்தபோது, பகத்சிங்கின் பூர்வீக ஊரான கட்கர் கலானில் பதவியேற்றார். அலுவலகத்தில் பகத்சிங் படமும் அண்ணல் அம்பேத்கர் படமும் ஏறின. மாதம் 300 யூனிட் இலவச மின்சாரம் தந்தார். ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஒரே ஓய்வூதியம் என்று சட்டம் கொண்டுவந்தார். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை, கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு மின்கட்டணம் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அதே சங்ரூர் மாவட்டத்தில் வேறொரு கணக்கு பல ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. பஞ்சாபின் கிராமப் பொதுநிலத்தில் சாகுபடிக்கு உரியதில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கே குத்தகைக்கு விட வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி இது. நடப்பது என்ன? ஏல நாளில் ஜாட் நிலவுடைமையாளர் தன் வயலில் வேலை செய்யும் தலித் ஒருவரை அழைத்து வந்து, அவர் பெயரில் ஏலம் எடுப்பார். பெயர் தலித்துடையது, உழுவது பண்ணையார். மாநில மக்கள் தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காடு உள்ள தலித்துகளின் கையில் இருக்கும் தனியார் விளைநிலம் நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடாது. அந்த மூன்றில் ஒரு பங்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் தலித் பெண் யாருடைய வரப்பில் நின்று யாரிடம் பேச்சு வாங்குகிறாள் என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி என்ற அமைப்பு இந்தப் பங்கைக் கேட்டு 2014 முதல் போராடி வருகிறது. முன்னணியில் நிற்பவர்களில் பெண்கள் அதிகம். 2016இல் ஜலூர் கிராமத்தில் நடந்த தாக்குதலில் காயமடைந்த தலித் மூதாட்டி ஒருவர் பின்னர் இறந்தார். அப்போது ஆட்சியில் இருந்தது அகாலி தளம். மானின் கட்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2022 நவம்பர் 30 அன்று கூலி உயர்வும் நிலமும் கேட்டு சங்ரூரில் உள்ள முதலமைச்சர் வீட்டை நோக்கிச் சென்ற விவசாயக் கூலிகள் மீது தடியடி நடத்தியது யாருடைய காவல்துறை? 2025 மே மாதம், முன்னாள் ஜீந்த் அரச குடும்பத்தின் 927 ஏக்கரை நிலமற்றோருக்குப் பகிர்ந்து கொடு என்று கேட்டு, ரவிதாசர் கனவு கண்ட 'பேகம்புரா'வின் பெயரால் புறப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் பிடித்து வைத்தது யார்? அந்த அலுவலகச் சுவரில் அம்பேத்கர் அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தார்.

மான் கெட்டவர் என்பது என் வாதம் அல்ல. என் சந்தேகம் அவருடைய பழைய தொழிலின் மீது. மேடையேறும் காமெடியனின் வேலை அரங்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைப்பது. அதற்குத் தோதான இலக்கு ஊழல் அரசியல்வாதி. முன்வரிசையில் இருக்கும் பண்ணையாரும் கடைசி வரிசையில் நிற்கும் கூலிக்காரரும் சேர்ந்தே கைதட்டுவார்கள். "ஐயா, இவருக்குச் சேர வேண்டிய நிலத்தை நீங்கள் ஏன் பினாமி வைத்து உழுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், முன்வரிசை சிரிக்காது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியதும் முன்வரிசைதான். எல்லோருக்கும் பிடித்த காமெடியன் அரசியலுக்கு வரும்போது, இந்தப் பழக்கத்தையும் கூடவே எடுத்து வருகிறார்.

குவாத்தமாலாவின் ஜிம்மி மொராலெஸ் இதற்கு இன்னும் பச்சையான உதாரணம். முகத்தில் கருப்பு மை பூசிக்கொண்டு கருப்பின மனிதரைக் கேலிப் பொருளாக்கி நடித்தவர். ஊழல் வழக்கில் குடியரசுத் தலைவர் பதவி விலகிய 2015இல், 'நான் ஊழல்வாதியும் இல்லை, திருடனும் இல்லை' என்ற முழக்கத்தோடு வந்து வென்றார். பிறகு ஊழலை விசாரித்து வந்த ஐ.நா. ஆதரவு ஆணையத்தையே நாட்டை விட்டு வெளியேற்றினார். இடையில் விசாரணை அவர் குடும்பத்தையும் தொட்டிருந்தது. மை பூசிய முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவர் யாரென்று அன்றே சொல்லியிருக்கலாம். நம் படங்களில் கறுப்பு நிறத்தையும் பல்லையும் வைத்து வந்த கேலிகளைப் பார்த்து நாமும் கைதட்டிய தலைமுறைதானே.

அப்படியென்றால் நகைச்சுவைக்கும் விடுதலை அரசியலுக்கும் ஆகாதா? எம்.ஆர். ராதா இருந்த மண்ணில் நின்று அப்படிச் சொல்ல முடியாது. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று விளம்பரமே செய்தவர் அவர். கல் விழும் என்று தெரிந்தே மேடையேறினார். 1954இல் வந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவரை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். முழு அரங்கமும் தனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்த கலைஞர். ஓட்டு கேட்கும் நிலையில் அவர் இருந்திருந்தால் அந்த விளம்பரத்தைக் கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரிந்த பதில், கஷ்டம்தான்.

வடிவேலுவையே பாருங்கள். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் அரசர் சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் திறந்து வைப்பார். பிரமாதமான கிண்டல், நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பில் சாதி என்பது சம பலமுள்ள இரண்டு முட்டாள் கூட்டங்களின் சண்டை. அடிப்பவர் யார், அடி வாங்குபவர் யார் என்பது அதில் இல்லை. 2011இல் அவர் தி.மு.க.வுக்குப் பிரச்சாரம் செய்தபோது கூட்டம் அலைமோதியது. கட்சி தோற்றது, அவர் சில ஆண்டுகள் திரையில் இல்லாமலே போனார். 2023இல் 'மாமன்னன்' வந்தது. தனித்தொகுதி எம்.எல்.ஏ., ஆனால் மாவட்டப் பெரிய மனிதர் முன்னால் உட்கார முடியாதவர். அந்தப் பாத்திரத்தில் வடிவேலு ஒரு இடத்திலும் நம்மைச் சிரிக்க வைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக உதை வாங்கிச் சிரிக்க வைத்த அதே உடம்பு வாசலில் நின்றதைப் பார்த்துத் திரையரங்கம் அமைதியானது. தமிழ்த் திரை எனக்குக் காட்டிய மிக நம்பத்தகுந்த அரசியல் தலைவர் அவர்தான். சிரிப்பை அவர் கீழே வைத்துவிட்டு வந்ததுதான் காரணம்.

நகைச்சுவை தெரிந்த தலைவர் வேறு, தலைவரான காமெடியன் வேறு. பஞ்சாபின் ரோப்பரில் பிறந்த கான்ஷிராம் கூட்டங்களில் ஒரு பேனாவை நிமிர்த்திப் பிடிப்பார். மூடி 15 விழுக்காடு, எழுதும் உடல் 85 விழுக்காடு, இதுதான் இந்தச் சமூகம் என்பார். கூட்டம் சிரிக்கும். மூடியாக இருந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். சொந்த மாநிலத்தில் 1992 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை 9 இடங்கள், அதுவும் அகாலிகளில் பெரும்பகுதியினர் புறக்கணித்த தேர்தலில். 2022இல் 92 பேர் வென்ற அதே அலையில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று.