ஒரு வயிற்றில் பல ரகக் கிருமி!

பனியன் நகரமான திருப்பூரில் பல ஊர்க்காரர்கள் வாழ்கிறார்கள். தேனி, திண்டுக்கல்லில் இருந்து பிழைக்க வந்தவர்கள் உண்டு. ஒடிசா, பீகாரில் இருந்து ரெயில் ஏறி வந்தவர்களும் உண்டு. ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஒரே மெஸ்சில் சாப்பிடுகிறார்கள்.

அவர்களில் ஒருவருக்கு வயிறு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. இதைப் போடுங்க, சரியாயிரும்" என்று பக்கத்து மிஷின்காரர் மிச்சம் இருந்த மாத்திரையைக் கொடுக்கிறார்.

நல்ல மனசுதான். ஆனால், ஆபத்தான உதவி!

டாக்டர் குடித்த கிருமி

காரமும் கவலையும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் அதை மாற்றினார்கள். 1982-ம் ஆண்டு, இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை அவர்கள் வளர்த்துக் காட்டினார்கள். அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி வந்தது. இரைப்பையில் அழற்சியும் கண்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் தெரியாது. ஆனால், சிலருக்குப் புண்ணாகும். மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயும் வரலாம்.

ஷேடு மாறும் நூல்

இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டாரிடம் இருந்தே ஒட்டுகிறது. ஆகவே, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரகம். லடாக்கில் பல நூறு ஆண்டுகளாக அருகருகே வாழும் புத்த மதத்தினர், முஸ்லிம்கள் ஆகியோரின் கிருமிகளை ஆராய்ந்து 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். அவற்றில்கூட வேறுபாடு தெரிந்தது!

அதைவிட வியப்பு ஒன்று உண்டு. கொல்கத்தா ஆராய்ச்சியாளர்கள் ஒரே நோயாளியின் இரைப்பையில் இருந்து பல கிருமிகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே வயிற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்கள் இருந்தன.

திருப்பூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். இரண்டு லாட் நூல் பார்வைக்கு ஒரே வெள்ளைதான். சாயத்தில் போட்டால் ஷேடு மாறிவிடும். கிருமியும் அப்படித்தான். மருந்து பட்டதும் ஒரு ரகம் சாகும். இன்னொரு ரகம் தாங்கி நிற்கும்.

பாதியில் நிறுத்தாதீர்கள்

அதனால்தான் டாக்டர்கள் இதற்கு ஒரே மாத்திரை தருவதில்லை. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து, பெரும்பாலும் இரண்டு வாரம் கொடுக்கிறார்கள். நான்காம் நாளே எரிச்சல் அடங்கிவிடலாம். "சரியாகிவிட்டது" என்று நிறுத்தினால் என்ன ஆகும்? எளிதில் சாகும் கிருமி செத்திருக்கும். முரட்டுக் கிருமி மிஞ்சிப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து பலிக்காது. ஒருவருடைய மிச்ச மாத்திரையை இன்னொருவர் விழுங்கினாலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் குனிந்து தைப்பவர்கள் முதுகு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறார்கள். அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும்.

மலம் தார் போல் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. உடல் காரணமின்றி இளைத்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆர்டர் அவசரம்தான். ஆனாலும் வயிற்று வலிக்காரருக்கு அரை நாள் லீவு கொடுங்கள். லீவு கிடைக்காதவர்தான் அடுத்தவர் மாத்திரையைத் தேடுகிறார்.

பக்கத்து மிஷின்காரருக்கு உதவ விரும்புகிறீர்களா? மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். கூடவே ஆஸ்பத்திரி வரை போய் வாருங்கள். அதுதான் உண்மையான உதவி!